மாமலைக்கு முதலிடம்

எந்தக் காலத்து மல்யுத்த வீரன் பெரியவன் என்று யாராவது வாயைத் திறந்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பட்டம் எத்தனை, கூட்டம் எவ்வளவு, எத்தனை வருஷம் தாக்குப்பிடித்தான் என்று அளக்கிறார்கள். நானும் வாழ்நாள் முழுக்க அளவெடுத்தவள்தான், தையற்காரி. மார்பு, இடுப்பு, தொடை என்று அந்த ஆட்களை நாடா பிடித்து அளந்திருக்கிறேன். இந்த மூன்றைத் தவிர அவர்களிடம் அளக்கக்கூடியது வேறு எதுவும் இல்லை என்பது என் கட்சி.

என் வீட்டுக்காரருக்கு மேடையில் கருந்தேள் என்று பெயர். கறுப்பு உடுப்பு, முதுகில் வளைந்து நிற்கும் சிவப்புக் கொடுக்கு. தோற்பதுதான் அவர் வேலை. டிக்கெட் வாங்கிப் பார்க்கிற அந்த மல்யுத்தத்தில் யார் ஜெயிப்பது, யார் விழுவது என்று முதலாளி மத்தியானமே சொல்லிவிடுவார். சாயங்காலம் அதை நிஜம்போல நடத்திக் காட்ட வேண்டும். சும்மா தொப்பென்று விழுந்துவிட முடியாது. எதிராளியின் கை நோகாமல், தன் கழுத்தும் முறியாமல், கடைசி வரிசையில் இருக்கிறவனுக்கும் வயிற்றைக் கலக்குகிற மாதிரி விழ வேண்டும். அந்த வேலையில் என் வீட்டுக்காரரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. அவரைத் தூக்கிப் போட்டுத் தூக்கிப் போட்டே பெரிய ஆளானவர் மாமலை.

மாமலைக்கு வெள்ளை உடுப்பு, மார்பில் தங்க நிறப் பட்டை. அதுவும் என் தையல்தான். ஊரே அவரைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடியது. கருந்தேளைக் கண்டால் காறித் துப்பியது. எங்கள் வீட்டு ஜன்னலுக்குக் கண்ணாடி மாற்றி மாற்றி அலுத்துப்போய்க் கடைசியில் பலகை வைத்து அடித்துவிட்டேன். அந்த அளவுக்கு நம்பினார்கள். அப்படி நம்ப வைப்பதற்குத் தொழிலில் ஒரு சட்டம் இருந்தது. நல்லவனும் கெட்டவனும் மேடைக்கு வெளியே ஒன்றாகக் கண்ணில் படக் கூடாது. ஒரே வண்டியில் போகக் கூடாது, ஒரே கடையில் டீ குடிக்கக் கூடாது, ஒருவன் வீட்டு நல்லது கெட்டதுக்கு மற்றவன் தலைகாட்டக் கூடாது. மீறினால் இரண்டு பேருக்கும் சீட்டுக் கிழிந்துவிடும்.

அந்த இரண்டு பேரும் உயிருக்குயிரான சிநேகிதர்கள் என்பதுதான் கூத்து.

என் தையல் கடை எங்கள் வீடு இருந்த பேட்டையிலிருந்து வெகுதூரம் தள்ளி இருந்தது. அங்கே என்னைத் தையற்காரியாக மட்டும்தான் தெரியும், தேள் பெண்டாட்டியாகத் தெரியாது. மாமலை உடுப்புத் தைக்க வருகிறவர் மாதிரி முன்வாசலில் வருவார். இவர் பின்சந்து வழியாக நுழைவார். துணி போட்டுப் பார்க்கிற அறைக்குள் திரையை இழுத்து மூடிக்கொண்டு, நான் கொண்டுவந்த சாப்பாட்டை இரண்டு பேரும் ஒரே தட்டில் சாப்பிடுவார்கள். ஒரு ஆள் நின்று சட்டை மாற்றுவதற்கே இடிக்கிற அறை அது. அதற்குள் அந்த இரண்டு மலைமாடுகளும் முழங்கால் முட்ட உட்கார்ந்து, சத்தம் வெளியே வராமல் சிரிப்பதைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பும் வரும், ஆத்திரமும் வரும். அங்கேயே வெட்டுத் துணி மூட்டைகளைப் பரப்பிப் புது வீச்சுகளை ஒத்திகை பார்ப்பார்கள். வாடிக்கைக்காரிகளிடம், எலித் தொல்லை என்று சொல்லிச் சமாளிப்பேன்.

எனக்குத் தெரிந்தது மாமலையின் மனைவிக்குத் தெரியாது. மேடையில் நடப்பதெல்லாம் நிஜம் என்றுதான் அவள் நம்பிக்கொண்டிருந்தாள். ஏன் அண்ணா சொல்லவில்லை என்று ஒருமுறை மாமலையிடம் கேட்டேன்.

"கல்யாணமான புதுசுல நான் ஜெயிச்சு வீடு வந்து சேர்ற வரைக்கும் ஒரு வாய் சோறு தொட மாட்டா தங்கச்சி," என்றார். "பட்டினி கெடந்தவகிட்ட எப்படிச் சொல்றது, முடிவு மத்தியானமே தெரியும்னு? முதல் வருஷம் சொல்லல. அடுத்த வருஷம் சொன்னா, போன வருஷம் ஏன் சொல்லலன்னு கேப்பா. அப்படியே தள்ளிப்போயிடுச்சு."

அவர் அதைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நானும் சிரித்தேன்.

பிறகு அந்த விபத்து. கயிற்றின் மேல் ஏறி நின்று குதிக்கிற கட்டத்தில் மாமலைக்குக் கால் வழுக்கிவிட்டது. இவர் கையை நீட்டித் தாங்கப் பார்த்தார், எட்டவில்லை. இடுப்பெலும்பு முறிந்த சத்தம் இவர் காதில் விழுந்தது. கூட்டம் பார்த்துக்கொண்டிருக்கிறது, முதலாளி பார்த்துக்கொண்டிருக்கிறார். சிநேகிதன் வலியில் துடித்துக்கொண்டிருக்க, இவர் அவர் மேல் காலை வைத்து நின்று கையை உயர்த்திச் சிரித்தார். அதுதான் தொழில். வீட்டுக்கு வந்து குடல் வெளியே வருகிற மாதிரி வாந்தி எடுத்தார். கருந்தேள் வஞ்சம் வைத்து இடுப்பை ஒடித்துவிட்டான் என்று ஊர் முழுக்கப் பேச்சு. முதலாளிக்குக் கொண்டாட்டம். மாமலை தேறி வந்து பழிதீர்க்கிற ஆட்டத்துக்கு அரங்கம் பிதுங்கி வழிந்தது.

அப்போது ஆஸ்பத்திரிக்கு இவரால் போக முடியவில்லை. தையற்காரி என்ற பெயரில் நான் போனேன். மாமலையின் மனைவி என் தோளில் சாய்ந்துகொண்டு, அந்தத் தேள் நாசமாய்ப் போவான் என்று அழுதாள். நான் அவள் முதுகைத் தடவிக் கொடுத்தேன். அன்றிலிருந்து நான் அவளுக்கு டெய்லர் அக்கா. என் மடியில் படுத்து அழுதவளிடம் நான் இன்னாருடைய மனைவி என்று எந்த முகத்தோடு சொல்வது?

வயதாகி மேடையை விட்டு இறங்கிய பிறகும் சட்டம் இவர்களை விடவில்லை. உடற்பயிற்சிக் கூடம் வைத்து, பள்ளிக்கூடங்களில் பரிசு கொடுத்து, தேளை ஜெயித்தவர் என்ற பெயரில்தான் மாமலை வாழ்ந்தார். சந்திப்பு என் கடையிலேயே தொடர்ந்தது. பழைய இடுப்பு மாமலையை நடக்க விடாமல் செய்ததும், மனைவி வெளியே போகிற நேரம் பார்த்துத் தொலைபேசியில் பேசிக்கொண்டார்கள். பிறகு ஒருநாள் மாமலைக்குப் பக்கவாதம் வந்தது. ஒரு பக்கம் முழுக்க விழுந்துவிட்டது. பேச்சும் போய்விட்டது. நாட்களை எண்ண வேண்டியதுதான் என்று டாக்டர்கள் கைவிரித்துவிட்டார்கள்.

இவர் இந்தத் தடவை யாரையும் கேட்கவில்லை. சலவைச் சட்டையைப் போட்டுக்கொண்டு, ஒரு பை நிறைய ஆரஞ்சு வாங்கிக்கொண்டு நேரே ஆஸ்பத்திரிக்குப் போனார். அறை வாசலிலேயே மாமலையின் மனைவி குறுக்கே நின்றுவிட்டாளாம். இடுப்பை ஒடித்தது போதாதா, மூச்சு நிற்கிறதா என்று பார்க்க வந்தாயா என்று கேட்டிருக்கிறாள். சொந்தக்காரர்கள் கூடிவிட்டார்கள். பை அறுந்து உருண்ட ஆரஞ்சுகளை, அந்த வயசில் குனிந்து குனிந்து பொறுக்கி எடுத்துக்கொண்டு திரும்பி வந்தார். வீட்டில் அதை யாரும் உரிக்கவில்லை.

மறுநாள் நான் போனேன். எனக்கு அங்கே ராஜ மரியாதை. "டெய்லர் அக்கா வந்திருக்காங்க பாருங்க," என்று மாமலையின் காதில் சொன்னாள். அவர் கண் என்னைத் தாண்டி, எனக்குப் பின்னால் வாசலைப் பார்த்தது. அங்கே யாரும் இல்லை என்று தெரிந்த பிறகுதான் என்னைப் பார்த்தார். அவள் பக்கத்தை விட்டு நகரவே இல்லை. வீட்டில் எல்லோரும் விசாரித்தார்கள் அண்ணா என்று மட்டும் சொன்னேன். ஒரு கண்ணிலிருந்து நீர் வழிந்தது. உங்களை அடையாளம் தெரிகிறது அக்கா என்று அவள் சந்தோஷப்பட்டாள்.

வீட்டுக்கு வந்ததும் இவரிடம் பிடிபிடியென்று பிடித்தேன்.

"அவகிட்ட நான் சொல்றேன். நீங்க வாயத் தொறக்க வேணாம்."

"என்னன்னு சொல்லுவ?"

"நீங்க ரெண்டு பேரும் எப்படிப் பழகினீங்கன்னு."

"அதச் சொன்னா மீதியும் சொல்லணும். அவன் ஜெயிச்சதெல்லாம் நான் விழுந்து குடுத்ததுன்னு ஆயிடும். அவன் வாயால அவகிட்ட சொல்லாதத, அவன் வாய் விழுந்தப்புறம் நான் போய்ச் சொல்றதா?"

"அதுக்காக அவரப் பாக்காமயே இருந்துடுவீங்களா?"

அன்றைக்கு அந்த மனுஷனைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது. சாப்பிட்ட தட்டைக் கழுவப் போனவர், குழாயைத் திறந்துவிட்டுத் தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அந்த வாரம்தான் தொலைக்காட்சிக்காரர்கள் வந்தார்கள். மூன்று காலத்து வீரர்களை ஒப்பிட்டு, மல்யுத்தத்தில் யாருடைய தாக்கம் பெரிது என்று முடிவு செய்யப் போகிறார்களாம். அரங்கக் காலத்துக்கு மாமலை, தொலைக்காட்சி வந்த காலத்துக்குச் சூறாவளி, இந்தக் காலத்துக்கு மின்னல். மாமலை படுக்கையில் இருப்பதால் அவரோடு மோதியவர் வந்து பேசினால் நன்றாக இருக்கும் என்றார்கள். நேரடி ஒளிபரப்பு. வேறு வேலை இருந்தால் பாருங்கள் என்று விரட்டியிருப்பேன். அதற்குள் இவர் என் பக்கம் திரும்பி, ஆஸ்பத்திரி அறையில் டிவி இருக்கிறதா என்று கேட்டார்.

இருக்கிறது, கட்டிலுக்கு எதிரிலேயே இருக்கிறது என்றேன்.

அப்படியானால் வருகிறேன் என்று அவர்களிடம் சொல்லிவிட்டார். தன்னால் அவரைப் பார்க்க முடியாது, அவராவது தன்னைப் பார்க்கட்டும் என்ற கணக்கு எனக்குப் புரிந்தது. அன்றே மாமலையின் மனைவிக்குத் தொலைபேசியில் சொன்னேன், உன் வீட்டுக்காரரைப் பற்றி நிகழ்ச்சி போடுகிறார்களாம், தவறாமல் போட்டுக் காட்டும்மா என்று. நிச்சயமாகக் காட்டுவதாகச் சொன்னாள்.

மறுநாள் சாயங்காலம் நிகழ்ச்சி. என்னைப் பார்வையாளர் வரிசையில் உட்கார வைத்தார்கள். இவருக்கு முகத்தில் மாவு பூசி, மெத்தை நாற்காலியில் அமர்த்தியிருந்தார்கள். பக்கத்தில் சூறாவளி, தொப்பையும் தொந்தியுமாக. அந்தப் பக்கம் மின்னல், பேரன் வயசுப் பையன், உட்கார்ந்த இடத்தில் கால் நிற்கவில்லை. தொகுப்பாளினி திரையில் கட்டம் கட்டமாகப் போட்டுக் காட்டினாள். சூறாவளியின் பொம்மைகள் எத்தனை வீட்டில் இருந்தன, மின்னலைக் கைபேசியில் எத்தனை பேர் பின்தொடர்கிறார்கள் என்றெல்லாம் சொன்னாள். மாமலையின் காலத்தில் பொம்மையும் இல்லை, கைபேசியும் இல்லை. மக்கள் நாற்காலியைத் தூக்கி எறிந்ததைத்தான் கணக்கில் வைத்துக்கொள்ள வேண்டும்.

சூறாவளி ஒரு கொக்கியைப் போட்டார். அந்தக் காலத்திலும் எல்லாம் முன்கூட்டியே பேசி வைத்ததுதான், மறைத்து வைத்தார்கள் என்பதுதான் வித்தியாசம், ஆகவே அந்தப் பட்டங்களைத் தனியாக உயர்த்திப் பேச வேண்டியதில்லை என்றார். மின்னல் அதை மறுத்தான். நல்ல பையன். தான் ஜெயித்த பிறகு எதிராளியோடு உட்கார்ந்து பொரித்த கோழி சாப்பிடுவதைப் படம் எடுத்து ஊருக்கே காட்டுகிறவன். அவன் இவர் பக்கம் திரும்பி, ரொம்ப மரியாதையாகத்தான் கேட்டான்.

"ஐயா, எங்களுக்கெல்லாம் தெரியும், விழறவர் இல்லேன்னா ஜெயிக்கிறவர் இல்ல. நீங்க இல்லாம மாமலை ஐயா இல்ல. இப்ப மறைக்க என்ன இருக்கு? நீங்க ரெண்டு பேரும் நிஜத்துல ஃப்ரெண்ட்ஸ்தானே?"

ஒரு 'ஆமாம்' போதும். அந்த அறைக் கதவு திறந்துவிடும். இத்தனை வருஷம் வாங்கிய எச்சிலுக்கும் கல்லுக்கும் ஒரு விடிவு வந்துவிடும். எந்தக் காலத்துக்கும் பெரியவர் விழுந்து கொடுத்த இவர்தான் என்று அந்தப் பையனே எழுந்து நின்று சொல்லிவிடுவான். சொல்லித் தொலையுங்கள் என்று மனசுக்குள் கத்தினேன்.

இவர் காமிராவைப் பார்த்தார். பையனை அல்ல, தொகுப்பாளினியை அல்ல, காமிராவைத்தான் பார்த்தார்.

"ஃப்ரெண்டா? அவனக் கண்டாலே எனக்கு ஆகாது. ஒவ்வொரு தடவையும் அவன ஜெயிக்கணும்னுதான் ஏறினேன். முடியல. இடுப்ப நான்தான் ஒடிச்சேன், வேணும்னே ஒடிச்சேன். அப்பவும் எழுந்து வந்து என்னை அடிச்சான். அவன் மாதிரி ஒருத்தன் முன்னாடியும் இல்ல, இனிமேலும் வர மாட்டான். எழுதி வெச்சுக்கோங்க."

பார்வையாளர் பக்கத்திலிருந்து 'சீ' என்று ஒரு குரல் வந்தது. எனக்குப் பக்கத்தில் இருந்தவள் உச்சுக்கொட்டிக்கொண்டு, கிழவனுக்கு இன்னும் கொழுப்பு அடங்கவில்லை என்றாள். நான் கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். மின்னல் தலை குனிந்துகொண்டான். கடைசியில் நடுவர்கள் மதிப்பெண் போட்டு, எல்லாக் காலத்துக்கும் சேர்த்து மாமலைக்கு முதலிடம் என்று அறிவித்தார்கள். கருந்தேளின் பெயர் எந்தக் கட்டத்திலும் இல்லை. வெளியே வந்து வண்டி ஏறும்போது இவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"பாத்திருப்பான்ல?"

காலையில் இவர் மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருக்கும்போது தொலைபேசி அடித்தது. மாமலையின் மனைவி. அழுது அழுது குரல் தேய்ந்திருந்தது.

"போயிட்டாரு அக்கா."

நிகழ்ச்சியைப் பார்த்தாரா என்று எப்படியோ கேட்டுவிட்டேன்.

"பாத்தாரு. அந்தத் தேள் மூஞ்சி வந்ததும் நிறுத்திடலாம்னு பாத்தேன். இவரு விடல, அசையாம பாத்தாரு. அவன் வேணும்னே ஒடிச்சேன்னு சொன்னான் பாருங்க, அப்பத்தான் இவருக்கு ரத்தம் கொதிச்சுடுச்சு. தலைய அப்படி ஆட்டுறாரு. நல்லா இருக்கிற கைய டிவி பக்கம் நீட்டுறாரு. 'இல்ல, இல்ல'ங்கறாரு. படுக்கையில விழுந்ததுக்கப்புறம் அவர் வாயிலேர்ந்து வந்த ஒரே வார்த்தை. பயந்துபோய் டிவிய அணைச்சுட்டேன். அணைச்சப்புறமும் அந்தப் பெட்டியையே பாத்துட்டிருந்தாரு. விடியறதுக்குள்ள முடிஞ்சுபோச்சு." கொஞ்ச நேரம் அழுதுவிட்டு அவளே கேட்டாள். "கடைசி வரைக்கும் அவன் மேல எவ்ளோ கோவம் பாத்தீங்களா அக்கா?"

"ஆமாம்மா," என்றேன்.

வேறு என்ன சொல்வேன்? வேணும்னே ஒடிக்கவில்லை, நீ ஒடிக்கவில்லை, நீ எனக்கு ஆகாதவன் இல்லை என்று அந்த மனுஷன் போகிற நேரத்தில் உயிரைத் திரட்டிச் சொல்லியிருக்கிறார். வாழ்நாளெல்லாம் காப்பாற்றிய சட்டத்தை, மனைவியின் கண் முன்னாலேயே அவராகவே உடைத்திருக்கிறார். அது அவள் காதில் கோபமாக விழுந்தது. அவளைக் குறை சொல்லி என்ன பயன், அவளுக்கு நாங்கள் யாரும் வேறு எதையும் சொல்லிக் கொடுக்கவில்லையே.

மாடிக்கு ஏறிப்போய் இவரிடம் சொன்னேன். மாமலை போய்விட்டதைச் சொன்னேன். 'இல்ல' என்றதையும் சொன்னேன். டிவியை அணைத்ததை மட்டும் சொல்லவில்லை.

"இல்லன்னானா?" என்றார். மறுபடியும் கேட்டார். நான் தலையாட்டினேன்.

"மடையன். சட்டத்த மீறிட்டான் பாரு," என்று சொல்லி, கையில் இருந்த ஈரத் துண்டில் முகத்தைப் பொத்திக்கொண்டார். அந்தப் பெரிய உடம்பு குலுங்கியது. எத்தனையோ ஆயிரம் பேருக்கு முன்னால் வலிக்கிற மாதிரி நடித்த உடம்பு, அன்றைக்கு என் ஒருத்திக்கு முன்னால் வலியை மறைக்கத் தெரியாமல் திண்டாடியது. வெகுநேரம் கழித்துத் துண்டை எடுத்துவிட்டு, அவள் அதை என்னவென்று நினைத்தாள் என்று கேட்டார்.

"உங்க மேல கோவம்னு நெனச்சுட்டா."

"அப்படியே இருக்கட்டும்."

எனக்கு வந்த கோபத்தில் கொடியிலிருந்த துணியையெல்லாம் அள்ளி வீசியிருப்பேன். யாருக்காக இன்னும் விழுகிறீர்கள், தூக்கிப் போட்டவரே போய்விட்டாரே என்று கேட்டேன். அவர் துண்டை உதறிக் கொடியில் போட்டார்.

இறுதி ஊர்வலத்துக்கு நான் மட்டும் கிளம்பினேன். எனக்கும் சேர்த்துப் பார்த்துவிட்டு வா என்று வாசல்வரை வந்து சொன்னார். தெரு கொள்ளாத கூட்டம். எல்லாக் காலத்துக்கும் முதலிடம் என்று பெரிய எழுத்தில் பதாகை கட்டியிருந்தார்கள். சூறாவளி வந்திருந்தார். மின்னல் மாலையோடு வந்து காலைத் தொட்டுக் கும்பிட்டான். நான் மாமலையின் முகத்தைப் பார்த்தேன். சொன்ன மாதிரியே இரண்டு பேருக்கும் சேர்த்துப் பார்த்தேன்.

மாமலையின் மனைவி கூட்டத்துக்கு நடுவில் என்னைக் கண்டதும் எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் கை சில்லென்று இருந்தது. சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, என் காதருகில் குனிந்து கேட்டாள்.

"அந்தப் பாவி வந்துடலையே அக்கா?"

"வரலம்மா," என்றேன். "அவன் வர மாட்டான்."

அவள் மூச்சு விட்டுக்கொண்டு என் தோளில் சாய்ந்தாள். நான் அவள் முதுகைத் தடவிக் கொடுத்தேன்.